நெடுந்தீவுக் கிணற்றுக்குக் காய்ச்சல் பார்த்த கதை

1967 ஆவணி, ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் துறை வரை பதினெட்டு மைல், அறுபது சதம். மடியில் ஒரு பித்தளைக் குழல், அதற்குள் வெப்பமானி.

நெடுந்தீவில் அரசாங்கத்துக்காக நாங்கள் துளைத்த எழுநூறு அடிக் குழாய்க்கிணற்றில் உவர்ப்பில்லாத தண்ணீர் இளஞ்சூடாக வந்தது. ஆழத்து மணற்பாறையிலிருந்து வருவதால்தான் சூடு என்றேன். மேலதிகாரி ஒப்பவில்லை. குழாய் வெயிலில் சுட்டிருக்கும், இது மேல்மட்டத் தண்ணீர், சீக்கிரமே உவர்த்துவிடும் என்றார். கிணற்றைக் கைவிட்டு, புதன் காலை துளை இயந்திரத்தை ஏற்றிவரச் சொல்லி உத்தரவு. அதற்குள் அடியில் சூடு இருப்பதைக் காட்டினால்தான் கிணறு பிழைக்கும்.

எட்டே முக்காலுக்கு மோட்டார் வள்ளம். பக்கத்தில் இருந்த புகையிலை வியாபாரி, "தம்பி, உதென்ன, புல்லாங்குழலோ?" என்றார். என் வாய் சும்மா இருக்குமா? வெப்பமானியை வெளியே எடுத்து விளக்கம் சொல்லத் தொடங்கினேன். ஓர் அலை வள்ளத்தைத் தூக்கிப் போட்டது. கண்ணாடி காலடியில் நொறுங்கிக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பத்து மணிக்கு நெடுந்தீவு. துளை இயந்திரம் ஓட்டும் ஊர்காவற்றுறைச் சூசை அண்ணை வெறும் குழலை ஆட்டிப் பார்த்தார்.

"மருத்துவிச்சி அக்காவிட்டைக் காய்ச்சல் பாக்கிற கண்ணாடி இருக்கெல்லோ?"

உடைந்த வெப்பமானி போல அதுவும் ஏறிய சூட்டிலேயே நிற்கும், உதறினால்தான் இறங்கும். ஆனால் அதில் கோடுகள் தொண்ணூற்றைந்து பாகை பரன்ஹைட்டில்தான் தொடங்கும். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் எண்பத்துநாலு பாகைதான். அடித்தண்ணீர் நான் நினைத்த அளவு சூடில்லை என்றால் பாதரசம் கோட்டைத் தொடவே தொடாது.

மருத்துவிச்சி அன்னம்மா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னட்டை இருக்கிறது உது ஒண்டுதான். தர ஏலாது. நானும் வாறன்."

குடையோடு வந்தார். அதுவும் நல்லதாயிற்று. மேலதிகாரியின் வெயில் கிட்ட வராதபடி குழலைக் குடைநிழலிலேயே வைத்திருந்தோம். அக்கா கண்ணாடியை உதறிக் கொடுக்க, குழலில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் வைத்து இறுக்கி மூடி, கம்பியில் எழுநூறு அடியும் இறக்கினோம். அரைமணி நேரம் அடியிலேயே விட்டோம். சூசை அண்ணை கம்பியைச் சுற்றிச் சுற்றி மேலே எடுத்தார். வாசிக்க அக்கா எங்களை விடவில்லை.

"தொண்ணூற்றேழு," என்றார். "ஆளுக்குக் காய்ச்சல் இல்லை. நல்ல சுகம்."

நான் துள்ளிக் குதித்தேன். சூசை அண்ணை தொப்பியை எறிந்தார். இன்னும் இரண்டு தரம் இறக்கினோம், அதே தொண்ணூற்றேழு! தபாற்கந்தோருக்கு ஓடித் தந்தி அடித்தேன். மாலை ஐந்துக்குப் பதில் வந்தது: "இயந்திரம் நிற்கட்டும்."

புதன் காலை இயந்திரம் இல்லாமல் வள்ளம் ஏறினேன். "தம்பி, கிணத்துக்குச் சுகமில்லையெண்டால் சொல்லி அனுப்பும்!" என்று துறையில் நின்று அக்கா கத்தினார். வள்ளமே சிரித்தது.

மானிப்பாய் வீட்டுக் கிணற்றில் அன்று குளித்தபோது, இருபத்தைந்து அடி ஆழத்துத் தண்ணீர் உடம்பைச் சிலிர்க்கவைத்தது. பிறகு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'அளந்த கருவி' என்ற இடத்தில் 'மருத்துவிச்சி அன்னம்மாவின் காய்ச்சல் கண்ணாடி' என்று எழுதினேன். மேலதிகாரி அதை வெட்டவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார்.