பாகற்காய்க்கு ஜீன் மாறாது!

போன புதன்கிழமை மாசாயிலிருந்து ஜோகூர் பாருவுக்கு ஒரு கார் பயணம். பக்கத்து வீட்டு தேவியை ஓர் ஆராய்ச்சி மையத்துக்கு அழைத்துப் போனேன். தேவி, பாசிர் கூடாங் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்களுக்குள் இருக்கும் ஒரே சொந்தம் — இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி!

காரில் ஏறியதும் அக்கறையாகக் கேட்டேன். "மூணு நாளா பாகற்காய் சாப்பிட்டியாம்மா?"

உங்களுக்குத் தெரியாததா? கிளினிக் அப்பாயின்ட்மென்ட்டுக்கு மூன்று நாள் முன்பு நாம் எல்லோருமே உத்தமர்கள். பாகற்காய் ஜூஸ், சோற்றுக்கு விடுமுறை... ரத்தம் எடுத்த கையோடு நேராக ரொட்டி சானாய்க் கடை!

"இல்லண்ணே. எப்பவும் போலத்தான் சாப்பிட்டேன். ஆராய்ச்சிக்குப் போய் பொய் ரத்தம் குடுக்கலாமா?"

சுருக்கென்றது.

தேவியின் பெரியண்ணன் போன வருடம் இறந்துபோனார். அவருக்கும் இனிப்பு நீர்தான். தேவியைவிட அளவாகச் சாப்பிட்டவர், மருந்து தவறாதவர். இருந்தும் இருதயம் பலவீனமாகிவிட்டது. தேவிக்கோ இருதயத்தில் ஒரு குறையும் இல்லை. ஏன் இப்படி? அந்தக் கேள்விதான் தேவியை அங்கே இழுத்துப்போனது.

அங்கிருந்த இளம் டாக்டர், நம் தமிழ்ப் பெண்தான், பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது இருதய செல்களுக்குள் சில ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன, சில தூங்கிவிடுகின்றன. ஆளுக்கு ஆள் இது வேறுபடுகிறதாம். தேவியின் ரத்தத்திலிருந்தே இருதய செல்களை வளர்த்து, சர்க்கரை கொடுத்துப் பார்ப்பார்களாம். அந்தச் செல்கள் ஆய்வுக்கூடத் தட்டிலேயே துடிக்குமாம்! அசந்துபோனேன்.

சும்மா இருக்க முடியாமல் என் பாகற்காய் யோசனையையும் சொல்லிவைத்தேன். டாக்டர் சிரித்துவிட்டார். "அங்கிள், மூணு நாள் பாகற்காய்க்கெல்லாம் ஜீன் மாறாதுலா!"

பிறகு தேவியிடம் நிதானமாகச் சொன்னார். "முடிவு தெரிய பல வருஷம் ஆகலாம்க்கா. உங்களுக்குப் பலன் இல்லாமயும் போகலாம்."

"பரவால்ல டாக்டர். அண்ணன் மகளுக்கு இப்பதான் இனிப்பு நீர்னு சொல்லியிருக்காங்க. அவங்கப்பா மாதிரி அவ போயிடக் கூடாது." சொல்லிவிட்டுக் கையை நீட்டினார் தேவி.

எத்தனை பெரிய மனசு! ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நான், அந்தக் கையையே மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் ஒரு ஃபாரம் இருக்கா டாக்டர்?"

இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தே தாரேக், அதாவது இனிப்புப் பால் டீ, குடிப்பீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. பதினைந்து வருடமாகக் கிளினிக்கில் 'ஒன்று' என்று சொல்லிவந்தவன்... 'நான்கு' என்று எழுதினேன்.