காந்தத்துக்கு வெளியே கேட்ட தட்டு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்குத் தேதிகூட மறக்கவில்லை. 1996 டிசம்பர் 12, வியாழக்கிழமை.

அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் முனைவர் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருடம் பாடுபட்டுத் தயாரித்த பொருள் இரண்டே மில்லிகிராம். விடிந்தால் கெட்டுவிடும். அதன் மூலக்கூறு அமைப்பை, ஆளுயரக் காந்தம் கொண்ட என்.எம்.ஆர். கருவியில் அன்றிரவே படம் எடுத்தாக வேண்டும். மாணவர்களுக்கு அந்தக் கருவி இரவில்தான் கிடைக்கும்.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் மெஹபூப் பாஷா ஒன்பதே முக்காலுக்குப் புறப்பட்டார்.

“உள்ள டடக்னு தட்டும்மா. அதான் கிரேடியண்ட். தட்டிக்கினு இருந்தா எல்லாம் சரியா கீதுன்னு அர்த்தம். நின்னா நிறுத்திடு.”

“பயமுறுத்தாதீங்க பாய்.”

“மாமியாரையே சமாளிக்கிறே. இதுக்கா பயம்?”

கிரேடியண்ட் என்பது காந்தப்புலத்தைக் கணநேரம் சாய்ப்பது. முதல் தட்டு எல்லா சிக்னல்களையும் கலைத்துவிடும். இரண்டாவது, நமக்கு வேண்டியதை மட்டும் கூட்டிச் சேர்க்கும். மற்றவை அழிவதில்லை. உள்ளேயேதான் இருக்கும்... கண்ணுக்குத் தெரியாது.

9.50. தொடங்கினேன். டடக். இரண்டு நொடி. டடக்.

உட்கார்ந்தேன். எழுந்தேன். ஜன்னல்வரை நடந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். பதினொன்றுக்கு மேல் கண் அசந்துவிட்டது.

திடுக்கிட்டு விழித்தேன். சத்தம் மாறியிருந்தது.

டக்... டக்.

இரண்டும் பிரிந்து கேட்டன. யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல.

காந்தத்தில் காதை வைத்தேன். உள்ளே சத்தமே இல்லை. அதன் மறுபக்கத்திலிருந்து வந்தது.

சுற்றிப் போனேன். யாருமில்லை. இப்போது, நான் சற்றுமுன் நின்ற பக்கத்தில்...

டக்... டக்.

ஓடிவிடலாம். விசைப்பலகையில் கை வைத்தேன். நிறுத்தினால் ஒன்றரை வருடம் போயிற்று.

கையை எடுத்தேன்.

1.40. என் நாற்காலிக்குப் பின்னால்.

திரும்பவில்லை.

2.05. நாற்காலியின் முதுகிலேயே...

டக்... டக்.

2.23. படம் முடிந்தது. தட்டும் நின்றது.

காலை ஏழு மணிக்குப் பாஷா பாய் வந்தார். படம் பளிச்சென்று இருந்தது. வேண்டாத சிக்னல்களால் விழும் போலிப் புள்ளி ஒன்றுகூட இல்லை. சிரித்தபடியே கணினியில் இரவுப் பதிவைத் திறந்தவர், சிரிப்பை நிறுத்தினார்.

“கிரேடியண்ட் ஆம்ப்ளிஃபையர் நைட்டே ட்ரிப் ஆயிருக்கும்மா.”

“எப்போ?”

“பதினொன்னு பதினேழு.”

கிரேடியண்டுக்கு மின்சாரம் தருவதே அதுதான். அது அணைந்தால் தட்டுகிற சத்தம் வராது. படம் முழுக்கப் போலிப் புள்ளிகள் மொய்த்திருக்கும்.

அந்தப் படத்தை வைத்துத்தான் பட்டம் வாங்கினேன். 11.17 முதல் 2.23 வரை... மூன்று மணி ஆறு நிமிடம். அந்த நேரத்தில், தட்டக்கூடிய எதுவுமே அந்த அறையில் இயங்கவில்லை.