ரப்பர் பை இல்லாத வார்டு

பீனைல் நெடியும் காய்ச்சிய பாலின் வாசமும் கலந்து மூக்கில் ஏறினால், இரண்டாம் உலக யுத்த காலத்தில் தாராவிப் பக்கம் இருந்த முனிசிபல் பிரசவ ஆஸ்பத்திரியின் ஓட்டுக் கூரை வார்டுதான் இன்றும் என் நினைவுக்கு வருகிறது. அப்போது எனக்கு எட்டு வயது. முந்தைய பிரசவத்தில் வீட்டிலேயே பிறந்த தம்பி ஒரு வாரம்கூட இருக்கவில்லை என்பதால், இந்த முறை அம்மாவை ஆஸ்பத்திரியில்தான் சேர்ப்பது என்று அப்பா பிடிவாதமாக இருந்தார்.

மாதம் நிறையாமல் ஒரு மார்கழிக் காலையில் தங்கை பிறந்தாள். அப்பாவின் இரண்டு உள்ளங்கைகளில் அடங்கிவிடும் உடம்பு. கை கால்கள் சில்லிட்டிருந்தன. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அணைவாக வைக்கும் வெந்நீர் ரப்பர் பை அந்த வார்டில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் வேறொரு குழந்தையின் தொட்டிலில் இருந்தது. புதிதாக வாங்கலாமென்றால் ரப்பரெல்லாம் யுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவோ குளிர்ஜுரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் "சிஸ்டர் பாய்" என்று, அதாவது மராத்தியில் சிஸ்டரம்மா என்று, அழைத்த மராத்தி நர்ஸ், பிள்ளையைத் துணியில் சுற்றி வராந்தாவுக்குக் கொண்டுவந்து, யாராவது நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுக்க வேண்டும் என்று இந்தியில் சொல்லி, எங்களுடன் வந்திருந்த பக்கத்து வீட்டுச் செல்லம்மா அத்தையைப் பார்த்தார். அத்தை இருமினாள், சிஸ்டர் வேண்டாமென்று தலையாட்டிவிட்டார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அப்பா, குழாயடிக்குப் போய், கார்பாலிக் சோப்பை நெஞ்சு சிவக்கத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து நின்றார்.

"ஆம்பள எங்கயாவது பச்சப் பிள்ளைய நெஞ்சுல போட்டுக்கிட்டு இருப்பானா? பாக்கவங்க சிரிப்பாங்க, தம்பி" என்றாள் அத்தை.

"சிரிச்சிட்டுப் போறாங்க, யக்கா. அதுக்குச் சூடுதான வேணும்? எங்கிட்ட இருக்கு."

சிஸ்டர் பிள்ளையை அவருடைய வெறும் நெஞ்சில் படுக்கவைத்து, மேலே கம்பளியைப் போர்த்தி, "நீச்சே மத் ரக்னா" என்றார், கீழே வைத்துவிடாதே என்று. அப்பா வைக்கவில்லை. வேலைக்குப் போகாமல், அந்த வராந்தா பெஞ்சிலேயே சாய்ந்தபடி இருந்தார். அம்மாவின் பாலைப் பாலாடையில் கொண்டுவந்து சிஸ்டர் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். பார்க்க வந்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். அப்பா அவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பிள்ளையின் முதுகு ஏறி இறங்குகிறதா என்பதிலேயே கண்ணாக இருந்தார்.

அதுவரை முனகிக்கொண்டு மட்டுமே இருந்த தங்கை, சில நாள் கழித்து ஒரு மத்தியானம் வீறிட்டு அழுதாள். "அழுதுட்டா! ஏட்டி, அழுதுட்டா!" என்று அப்பா வார்டுக்குள்ளேயே ஓடினார். ஆண்கள் நுழையக் கூடாத இடமென்று யாரும் தடுக்கவில்லை. ஜுரம் விட்டுப் படுத்திருந்த அம்மா, "குடுங்க, பாப்போம்" என்று கையை நீட்டினாள். பிள்ளையைக் கொடுத்ததும், காலியாகிவிட்ட கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்பா கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார்.

அந்த ஓட்டுக் கட்டடம் இன்று இல்லை. அங்கே மாடிகள் எழும்பி, குறைமாதப் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கின் வெதுவெதுப்பில் கிடக்கின்றன. அப்பா வேலை பார்த்த தோல் ஷாப்பும் போய்விட்டது. அப்பா, அம்மா, செல்லம்மா அத்தை எல்லோருமே போய் வெகுகாலமாகிறது. தங்கை இருக்கிறாள், காட்கோபரில், பேரன் பேத்திகளோடு.