ஷோகேஸில் வைத்த கல்

என் பித்தப்பையை எடுத்தபோது, உள்ளே இருந்த கற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து பருத்திப்பட்டு வீட்டு ஷோகேஸில், பிள்ளைகள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கப்புகளுக்கு நடுவில் வைத்தார் என் வீட்டுக்காரர். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ட்ரேயில் வைத்துக் காட்டிய பித்தப்பையையும் போனில் படம் பிடித்து, சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருந்தார். ஹார்லிக்ஸோடு பார்க்க வந்தவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டப்பாவைத்தான் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தார்கள்.

வலி மட்டும் போகவில்லை. இட்லியில் பாதி உள்ளே போவதற்குள் வயிறு முட்டிக்கொண்டது. வளையல் கையில் நிற்காமல் கழன்றது.

"இன்னும் இன்னா வலி உனக்கு? கல்லு இதோ ஷோகேஸ்ல கீது. வயித்துலயா கீது?" என்று சிரிப்பார் அவர்.

"பித்தப்பை இல்லேன்னா அப்டித்தான் அண்ணி. எண்ணெய கொறைங்க," என்பாள் சேக்காட்டில் இருக்கும் என் நாத்தனார். தெருமுனை கிளினிக் டாக்டர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கேஸ் மாத்திரை எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிறு என்னுடையது. அதைப் பற்றி ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் தெரியாதாம்!

ஒருநாள் கறுப்பாக வாந்தி வந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டேன். இரைப்பையில் புற்றுநோய்.

"பித்தப்பையை எடுத்ததாலதான் வந்துச்சா டாக்டர்?"

"கல்லு இருந்தவங்களுக்கும், பித்தப்பை எடுத்தவங்களுக்கும் இது கொஞ்சம் அதிகமா வருதான்னு ஆராய்ச்சி நடக்குதும்மா. உங்களுக்கு அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா எடை கொறைஞ்சப்பவே நீங்க வந்திருக்கணும்."

நான் அப்போதே சொன்னேன். கேட்க ஆள் இல்லை. அந்த நாத்தனாரே இப்போது, "கத்தியே வைக்க வேணாம்னு நான் அன்னைக்கே நெனச்சேன்," என்கிறாள். டப்பாவை எல்லாரையும்விட அதிகமாகக் குலுக்கியவள் அவள்தான். அடிப்பாவி!

இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது அவர் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார், முகமெல்லாம் வீங்கி.

"எடுத்தத காட்டுனாங்களா?"

"கூப்ட்டாங்க. நான் பாக்கல."

"போட்டோ?"

இல்லை என்று தலையை ஆட்டினார். என் மூக்கில் குழாய், குரலே எழும்பவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"கல்ல பாக்க மட்டும் ஓடுனீங்க இல்ல? வலிக்குது வலிக்குதுன்னு கத்துனேனே, அது இன்னான்னு போய்ப் பாருங்க."

அவர் அழுதுகொண்டே என் கையைப் பிடிக்க வந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"போங்க," என்றேன். "போய்ப் பாருங்க."