நாலாவது பெயர்

போன வியாழக்கிழமை எனக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அதைப் படித்ததிலிருந்து சரியாகச் சோறு இறங்கவில்லை. வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறவன், இந்த வாரம் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் லீவுக்குப் பங்கோர் தீவுக்குப் போவதாக ஏற்பாடு. ஈயத்தைக் காவல் காக்க டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை ஒன்று அங்கே இடிந்து கிடக்கிறது. கடல் கொள்ளைக்காரர்கள் படகை ஒளித்து வைத்த குடாக்களும் உண்டாம். கோட்டைக்குப் பக்கத்துப் பாறையில், குழந்தையைக் கவ்விக்கொண்டு போகும் புலியை யாரோ செதுக்கி வைத்திருக்கிறார்கள். லீவு நாளில் பார்க்க வேறு நல்ல காட்சியே கிடைக்கவில்லையா என்று கேட்கிறீர்களா? எனக்கு இந்த மாதிரி இடங்கள் என்றால் உயிர்.

கூட வருவதாக இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி குப்புசாமி. லீவு என்றால் எங்கே கூப்பிட்டாலும் வருவார். இன்னொருவர் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் என் அடுத்த வீட்டுக்காரர் ராமலிங்கம், ரயில்வே பட்டறையில் பிட்டர். அவர் கோட்டை பார்க்க வரவில்லை.

அவருடைய தம்பி வேலாயுதம் கரையோரக் கப்பலில் கலாசியாக இருந்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால், பங்கோருக்கு அருகே புயலில் கப்பல் தத்தளித்தபோது காணாமல் போனான். உடம்பு கிடைக்கவில்லை. அதனால் கருமாதியும் நடக்கவில்லை. அவன் மனைவி பாக்கியம் ராமலிங்கம் வீட்டில்தான் இருக்கிறாள். பொட்டும் தாலியும் இன்னும் அப்படியே. தெருவில் இதைப் பேசாத வாய் இல்லை. அந்தக் கடற்கரையிலேயே காரியத்தை முடித்துவிடலாம் என்று ராமலிங்கம் முடிவு செய்தார். பாக்கியம் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கிளம்புகிறவர்கள் மூன்று பேர் என்றதும் குப்புசாமிக்கு உதறல். மூன்று பேராகப் போனால் காரியம் உருப்படாது என்பது நம் ஜனங்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வேறு வழியில்லை என்றால் ஒரு கல்லை மூட்டையில் முடிந்துகொண்டு, அதை நாலாவது ஆளாகக் கணக்கு வைப்பார்கள். பங்கோர் வரைக்கும் கல்லைச் சுமப்பானேன்? தங்கும் விடுதிக்கு நான்தான் ராமலிங்கம் வீட்டில் உட்கார்ந்து இங்கிலீஷில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். நாலு பேர் வருகிறோம் என்று எழுதி, ஒரு பொய்ப் பெயரைச் சேர்த்துவிட்டால் போகிறது! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பாக்கியம் காப்பி கொண்டு வந்தாள். விளையாட்டாக அவளிடமே கேட்டேன், ஏதாவது ஒரு பேர் சொல்லும்மா என்று.

"வேலாயுதம்னு போடுங்க, அண்ணே."

ராமலிங்கத்தின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை அவள் உச்சரித்ததில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் அல்லவா? பத்துமலைத் தைப்பூசத்தில் ஊரே 'வேல் வேல்' என்று முழங்கும்போதுகூட உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்பவள். இப்போது சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடித்துவிட்டு வேறு பெயர் எழுதியிருக்கலாம். ஏனோ எனக்குக் கை வரவில்லை. எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

அதற்குத்தான் வியாழக்கிழமை பதில் வந்தது. விடுதிக்காரர் ஹைலாம் தீவிலிருந்து வந்த ஒரு சீனர். கீழே காப்பிக் கடை, மேலே நாலு அறை. யாரையோ பிடித்து இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருக்கிறார். மூன்று கட்டில் தயார். நாலாவது ஆளான மிஸ்டர் வேலாயுதம், உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே வந்துவிட்டார். மாடி அறையில் இருக்கிறார். நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று தினமும் கேட்கிறார்...

கார்டில் அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அவர் உடுத்தியிருக்கும் துணி ஈரமாகவே இருக்கிறது, எத்தனை வெயில் அடித்தாலும் காய்வதில்லை என்று.

அந்த வரியை நான் யாரிடமும் சொல்லவில்லை. மேலே இருந்ததை மட்டும் ராமலிங்கம் வீட்டில் படித்துக் காட்டினேன். குப்புசாமி உடனே தனக்கு லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டார். லீவு போட்டுக்கொடுத்தவனே நான்தான்! எவனோ ஓசியில் தங்க அந்தப் பெயரைச் சொல்லியிருப்பான் என்று நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். என் குரலை எனக்கே நம்ப முடியவில்லை.

ராமலிங்கம், "இருக்கானோ இல்லையோ தெரியாம நான் எள்ளு இறைக்கிறதா? அவன் என்னைப் பார்த்துக்கிட்டு நின்னா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கறது?" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் அழுகை வந்தது. என் கெட்டிக்காரத்தனத்தால் வந்த வினை இது. அவனை முடித்து அனுப்பவும் முடியாமல், திரும்பக் கூப்பிடவும் முடியாமல் ஒரு குடும்பத்தையே நடுக்கடலில் நிறுத்திவிட்டேன்.

பயணத்தில் பாதி சுகம் திட்டம் போடுவதில் இருக்கிறது என்று இதே பத்தியில் முன்பு எழுதியிருக்கிறேன். அதை இன்று வாபஸ் வாங்குகிறேன்.

ஆனாலும் போகிறோம். சனிக்கிழமை காலை ரயிலில் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அங்கிருந்து கப்பல். ராமலிங்கமும் நானும் மட்டும்.

நேற்று மத்தியானம் பாக்கியம் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு பொட்டலம். ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு துண்டு. மூன்றும் இஸ்திரி போட்டு மடித்திருந்தன.

"அவர்கிட்ட குடுத்துடுங்க, அண்ணே. ஈரத்தோட ரொம்ப நாள் இருந்தா அவருக்கு நெஞ்சு கட்டிக்கும்."

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. கார்டோ, வந்த நாளிலிருந்து என் கையையும் சட்டைப் பையையும் விட்டுப் போகவில்லை.