ஏழும் ஐந்துமாக ஒரு படிக்கட்டு

மனையை அளப்பதற்கு முன்னால் மனுஷரை அள. என்னிடம் வேலைக்குச் சேரும் இளம் ஆர்க்கிடெக்டுகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். சொல்லும்போது எனக்கே ஒரு மிதப்பு இருக்கும். திருவனந்தபுரத்தில் முப்பது வருடமாக வீடு வரைகிறேன். சதுர அடிக் கணக்குப் பேசாத ஆர்க்கிடெக்ட் இந்த ஊரில் நான் ஒருத்திதான் என்ற நினைப்பு. வீடு வேண்டும் என்று வருகிறவர்கள் இருக்கும் வீட்டிலேயே மூன்று நாள் போய் உட்கார்ந்துவிடுவேன். எந்தக் கையால் கதவைத் திறக்கிறார், பேப்பர் படிக்க எந்த வெளிச்சத்துக்கு நகர்கிறார், எழுந்திருக்கும்போது எதைப் பிடித்துக்கொள்கிறார், ஒன்றையும் விடமாட்டேன். "மேடம் வீடு கெட்ட வந்தாங்களா, பொண்ணு பாக்க வந்தாங்களா?" என்று ஒரு மேஸ்திரி என் காதுபடவே கேட்டிருக்கிறார்.

அப்படி அளந்தவர்களில் நான் மிகவும் பீற்றிக்கொண்டது ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியைப் பற்றி. கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். பாகம் பிரிந்ததும் கழக்கூட்டம் போகிற வழியில் சரிவான ஒரு மனை வாங்கியிருந்தார். வாசல் கீழே, வீடு முழுக்க மேலே. படி ஏறாமல் எதுவும் நடக்காது. அவருக்கோ சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பியிருந்தது.

எல்லாரும் லிஃப்ட் வைக்கச் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த மூன்று நாளும் அவருடைய நடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இடது கால் ஏறும் படிகளை ஏழு அங்குலமும், வலது கால் ஏறும் படிகளை ஐந்து அங்குலமுமாக மாறி மாறி வைத்தேன். பலாப் பலகையில் இருபத்திரண்டு படி. முதல் நாள் அவர் கைப்பிடியைத் தொடாமலே ஏறிப் போய், மேலே நின்று விசிலடித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதன்பிறகு கல்லூரிகளில் பேசப் போனால் அந்தப் படிக்கட்டின் படம் இல்லாமல் பேசமாட்டேன். ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேர்ந்தவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். கண்ணை மூடிக்கொண்டு ஏறச் சொல்வேன். நல்ல கால் உள்ளவர்கள்கூட அதில் சாய்ந்து சாய்ந்துதான் ஏறியாக வேண்டும். டொம்... டக். டொம்... டக். மேலே நாற்காலியில் உட்கார்ந்து அவர் சத்தமாகச் சிரிப்பார். "இன்னிக்கு என்னை மாதிரி பத்துப் பேர் வரா!"

அவர் மாரடைப்பில் போய் நான்காவது வருடம், அவருடைய மனைவி போன் செய்தார். மாமி என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர். "ஒரு தடவை வந்துட்டுப் போங்கோ. படியைப் பத்திப் பேசணும்" என்றார்.

ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்த நாகர்கோவில் பக்கத்துப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு, காலை பதினொரு மணி வாக்கில் போனேன். மாமி கதவைத் திறந்து, வாங்கோ என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் படியேறினார். டொம்... டக். டொம்... டக். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் என் முதுகு சில்லிட்டது. அது இறந்துபோன மனுஷருடைய காலடி. மேலே போனதும் அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள்.

"மேடம், இப்ப படி இல்லல்லா. தரையாக்கும்."

மாமி கூடத்தைக் கடந்து சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தார். டொம்... டக்.

காப்பியை வைத்துவிட்டு மாமியே பேச ஆரம்பித்தார். "வேலைக்கு வர பொண்ணு ஏறினா அவர் வரார். கேஸ்காரன் ஏறினா அவர் வரார். முதல் வருஷம் எனக்கு அது ஆறுதலாத்தான் இருந்தது, பொய் சொல்லப்படாது. சத்தம் கேட்டதும் ரெண்டு டம்ளர் எடுத்து வெச்சுடுவேன். அப்புறம் பயம் வந்துடுத்து. ஒரு நாள் ஆத்துலே வேற ஆருமே இல்லை. நான்தான் ஏறிண்டிருக்கேன். பின்னாலே அவர் வரார்னு திரும்பிப் பார்த்தேன். வரது நான்தான்."

இடுப்பு எலும்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதாம். டாக்டர் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் போலியோ வந்ததா என்று கேட்டாராம்.

"இல்லைன்னேன். டாக்டர் நம்பவே இல்லை" என்றார் மாமி. "படியைப் பேர்த்து எடுத்துடுங்கோ. எனக்கு என் நடை வேணும்."

உடனே சரி என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் வாழ்நாளின் ஒரே நல்ல வேலையை உடைக்கச் சொல்கிறாரே என்றுதான் முதலில் தோன்றியது. அந்தப் பெண்தான் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மாமி, செத்த நேரா நில்லுங்க" என்று அவருடைய முழங்கால் உயரத்தையும் அடியின் நீளத்தையும் அளந்தாள். மாமி கூச்சத்தோடு புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றார்.

இரண்டு மாதத்தில் புதுப் படி வந்தது. எல்லாம் ஒரே உயரம், ஆறு ஆறு அங்குலம். அந்தப் பெண் வரைந்தது. நான் ஒரு கோடுகூட மாற்றவில்லை. வேலை முடிந்த அன்று வேலைக்காரப் பெண் ஏறினாள். டக் டக் டக் என்று அவளுடைய சத்தம்தான் கேட்டது. மாமி முகம் மலர்ந்தது. பிறகு மாமி ஏறினார்.

டொம்... டக்.

பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்தார். உடம்பு பழைய நடையை மறந்துவிட்டது, முன்னால் எப்படி நடப்பீர்கள் என்று தெரிந்தால் அதையே பழக்கலாம், ஏதாவது வீடியோ இருக்கிறதா என்று கேட்டார். தேடினார்கள். கல்யாணங்கள், பேரன் பிறந்தநாள், கோயில் என்று போன் நிறைய வீடியோ. எடுத்ததெல்லாம் மாமி. ஒன்றில்கூட மாமி இல்லை.

அப்போதுதான் மாமி என் பக்கம் திரும்பினார். "நீங்க மூணு நாள் எங்களோடவே இருந்து அளந்தேளே. நான் எப்படி நடப்பேன்? சொல்லுங்கோ."

யோசித்தேன். பழைய வீட்டு முற்றம் வந்தது, தூண் வந்தது, மாமியின் கணவர் நடந்து வந்தார், திரும்பிப் போனார். அந்த மூன்று நாளில் மாமி என் எதிரே எத்தனையோ தடவை காப்பி கொண்டுவந்து வைத்திருப்பார். டம்ளர்கூட ஞாபகம் இருக்கிறது. கொண்டுவந்தவர் மட்டும் வரவே இல்லை. உங்களுக்கு என்ன வேண்டும் மாமி என்று கேட்டதற்கு, "அவருக்கு எது சௌகரியமோ அதுதான் எனக்கும்" என்றார். பாதி வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டவள் நான்.

அந்த முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "குட்டி குட்டியா அடி எடுத்து வெச்சு, வேகமா நடப்பீங்க மாமி. கொஞ்சம் முன்னால சாஞ்சு. குதிகால் தரையில சரியாவே படாது."

"குட்டி குட்டியா" என்று மாமி திருப்பிச் சொன்னார். "முன்னாலே சாஞ்சு." மந்திரம் கேட்டுக்கொள்கிற மாதிரி ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, பழைய கட்டடம் ஒன்றைப் பார்க்க நானும் அந்தப் பெண்ணும் பழவங்காடிக்குப் போயிருந்தோம். பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காய் உடைபடுகிற சத்தத்துக்கு நடுவே யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். மாமி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு குடுகுடுவென்று வந்தார். ஒரு துளி சாய்வு இல்லை.

"பார்த்தேளா? என் நடை எனக்குக் கிடைச்சுடுத்து! நீங்க சொன்னப்புறம் தினம் தினம் பழகினேன், கேட்டேளா. எங்கம்மாவும் இப்படித்தான் நடப்பா. இப்போ நன்னா ஞாபகம் வரது." என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டுப் போனார்.

அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"மேடம்" என்றாள், மெதுவாக. "அது ஒங்க நடையாக்கும்."

நானும் பார்த்தேன். முன்னால் சாய்ந்து, குதிகால் படாமல், நான் போய்க்கொண்டிருந்தேன். ஓடிப்போய் நிறுத்தி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லிவிட்டு அதற்குப் பதிலாக எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை.