ஜீப் சரியானதும் போவோம்

ஜீப்பைத் திருத்தியதும் அம்மாவைப் போய்க் கூட்டி வரலாம் என்று அப்பா சொன்னார். நான் ஒன்பது வயதுச் சிறுமி. நம்பினேன். அதற்காக இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அப்பா மேல் இருப்பது அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

எங்கள் வீடு வேலணைத் தீவில். ஜீப் ஏலத்தில் எடுத்தது, என்னைவிட இருபது வயதாவது மூத்தது. அதை வாங்க அம்மாவின் நகைகள் போயின. அம்மாவிடம் கேட்காமலே போயின. அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பனை உயரத்துக்கு ஒரு மேடில்லாத ஊரிலை, நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற வாகனம் உங்களுக்கு என்னத்துக்கு?"

பதில் இல்லாதவர்கள் கத்துவார்கள். அப்பா கத்தினார். அடுத்த நாள் காலை அம்மா ஒரு பையோடு பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் இருந்த மாமா வீட்டுக்குப் போய்விட்டார். எனக்குப் பள்ளிக்கூடம் கெட்டுப்போகும் என்றுதான் என்னை விட்டுப்போனாராம். சமைத்துப்போட வந்த மாமி, அதாவது அப்பாவின் அக்கா, அப்படிச் சொன்னார்.

நாங்களும் பஸ்ஸில் போவோமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"பஸ்ஸிலை போனால் உன்ர மாமன் சிரிப்பான். ஜீப் எங்கை, வித்துத் திண்டாச்சோ எண்டு கேப்பான். அவன்ர வாசலிலை கொண்டுபோய் நிப்பாட்டோணும். பிறகு பார்."

ஜீப் ஓடியது. ஆனால் யாழ்ப்பாணம் போகும் வழியில் அல்லைப்பிட்டியைத் தாண்டவில்லை. அங்கே போனதும் சூட்டு முள் சிவப்புக்கு ஏறும், முன்பக்கத்தால் ஆவி அடிக்கும். நல்ல சட்டை போட்டு, அம்மாவுக்காக முன் சீற்றை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த நான், ஆவி அடங்கும்வரை வீதியோரத்தில் குந்தியிருப்பேன். பிறகு திரும்பி வருவோம். இப்படி எத்தனை சனிக்கிழமை போனது என்று நான் எண்ணவில்லை.

சந்தியில் இருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அப்பாவைவிட மூத்தவர், வாய் சும்மா இருக்காது. முதலில் பெல்ற்றை மாற்றினார். தெர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிந்தார். தண்ணீர்ப் பம்பை மாற்றினார். கடைசியில் இருவருமாகச் சேர்ந்து பெற்றோல் எஞ்சினையே இறக்கிவிட்டு, ஒரு பழைய வான் வண்டியின் டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். புது எஞ்சினோடு ஜீப் முன்னையைவிட வேகமாக அல்லைப்பிட்டிக்குப் போய், அங்கே முன்னையைவிட வேகமாகக் கொதித்தது.

ஒருநாள் இருவரும் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தபோது நான் எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் விடும் றேடியேற்றரின் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். வெள்ளையாகப் படை படையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன்.

"இதுக்குள்ளையும் எங்கட குளிக்கிற சுடுதண்ணிப் பானை மாதிரித்தான் இருக்கு" என்றேன்.

மெக்கானிக் விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்.

"ஐசே, உதுக்கு எந்தத் தண்ணி விடுறனீர்?"

"கிணத்துத் தண்ணிதான். வேறை எந்தத் தண்ணி விடுறது?"

"ஓம், நானும் அதைத்தான் விட்டனான்." அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "மூண்டு மாசமா ரெண்டு மாடுகள் நிண்டு தேடியிருக்கிறம். ஒரு பெட்டை வந்து சொல்லுது!"

எங்கள் கிணறு உப்பு. ஊரில் அநேகமான கிணறுகள் அப்படித்தான். குளிக்க, கழுவ, மாட்டுக்கு வைக்க எல்லாம் அந்தத் தண்ணீர். பௌசர் லொறியில் வரும் நல்ல தண்ணீர் வாய்க்கு மட்டும். அதை வாகனத்துக்கு ஊற்றலாம் என்ற நினைப்பே எங்கள் ஆட்களுக்கு வராது. ஜீப் உப்புக் குடித்தே அடைத்துப்போயிருந்தது.

மெக்கானிக் ஒரு பழைய லொறியின் பெரிய றேடியேற்றரைக் கொண்டுவந்து பூட்டினார். நான் குசினிக்குள் ஓடி, அடுப்படியில் இருந்த குடிதண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். மாமி பின்னால் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"குடிக்கிற தண்ணியை இரும்புக்கு வாக்கிறியோ, மூதேசி!"

ஊற்றி முடித்தேன். அன்று பின்னேரம் ஜீப் தீவின் மறுகோடியில் இருக்கும் ஊர்காவற்றுறைவரை போய்த் திரும்பியது. கொதிக்கவில்லை.

அப்பா சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் ரயர் பழசு என்றார். அடுத்த கிழமை ஹோர்ன் சரியில்லை என்றார். பிறகு பெயின்ற் அடித்துவிட்டுப் போவோம் என்றார். மெக்கானிக்குக்கே அலுத்துப்போனது.

"ஐசே, இனி உதிலை திருத்த ஒண்டுமில்லை. போய் மனிசியைக் கூட்டிக்கொண்டு வாரும்."

போனோம். அல்லைப்பிட்டியைத் தாண்டினோம். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். நான் கடலைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடுவில் நின்றது. யாழ்ப்பாணத்துக்குள் போய் மாமாவின் வீடு இருந்த ஒழுங்கைக்குள் திரும்பியபோதும் நடுவில்தான் நின்றது.

மாமா வீட்டுக்கு ஒரு வீடு முன்னால் அப்பா ஜீப்பை நிறுத்தினார். மதிலுக்கு மேலால் கொடியில் அம்மாவின் நீலச் சேலை தெரிந்தது. உள்ளே யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அப்பா ஸ்ரியறிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை. பிறகு இறங்கி, பொனற்றைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டு மூடினார்.

"சூடாகிட்டுது. திரும்புவம்."

"முள்ளு நடுவிலைதானே நிக்குது அப்பா."

"முள்ளு பழுது."

ஜீப்பைத் திருத்திக்கொண்டிருந்த அத்தனை மாதமும், அம்மா வரமாட்டேன் என்று சொல்வதைக் கேட்காமல் அப்பா தப்பியிருந்தார் என்பது ஒன்பது வயதில் எப்படித் தெரியும்? அடுத்த வருடம் அம்மா மாமா குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார்.

ஜீப் அங்கே நின்ற அன்று அம்மா மதிலுக்கு அந்தப் பக்கத்தில்தான் இருந்தார். "அம்மா" என்று ஒருமுறை கத்தியிருந்தால் கேட்டிருக்கும். எனக்குக் குரலும் இருந்தது, நேரமும் இருந்தது. ஆனால் ஜீப் பழுதென்றால் அம்மாவைக் கூப்பிட ஏலாது என்று நானும் நம்பிக்கொண்டு, சூடு காட்டும் புது மீற்றர் எங்கே வாங்கலாம் என்று யோசித்தபடி பேசாமல் இருந்தேன்.